கேளிக்கை நெருப்பு

1

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள், டாலர் நன்றாகச் சேர்கிறதா என்று. கேட்கிறவர் மனசில் நான் டாலருக்காகத்தான் ஓடிப்போனேன் என்று முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இல்லை ஐயா, நான் ஓடிப்போனது ஒயர்ப் புகைக்குப் பயந்து. சொன்னால் சிரிக்கிறீர்கள். உங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது, சிரியுங்கள்.

இந்த அக்டோபரோடு நாங்கள் மிச்சிகன் மாநிலத்தில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து பத்து வருஷம். என் கணவர் ஒரு கேக் வாங்கி வெட்டலாம் என்றார். எனக்கு மனசே இல்லை. அதே வாரம்தான் ஊர் நிர்வாகத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற துண்டுப் பிரசுரம் வந்தது. அதே வாரம் சனிக்கிழமைதான் நான் இங்கே எழுதப்போகிற விஷயமும் நடந்தது. கேக்காம் கேக்கு.

அந்தப் பிரசுரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிடங்களில் நெருப்பு மூட்டுவதற்கான விதிகள். இலை உதிர்கிற காலம் வந்ததும் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டுவிடுவார்கள். உதிர்ந்த இலையை எரிக்கக் கூடாது. குப்பையை எரிக்கக் கூடாது. பெயின்ட் அடித்த கட்டை, பிளாஸ்டிக், ரப்பர் கூடவே கூடாது. சரி, அருமை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு தலைப்பு இருக்கும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். கேளிக்கை நெருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். காய்ந்த விறகை வைத்து, வீட்டுச் சுவரிலிருந்து இத்தனை அடி தள்ளி, இத்தனை அடி அகலக் குழிக்குள், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தோஷத்துக்காகவோ சமைப்பதற்காகவோ எரித்தால் தப்பில்லையாம். குப்பையை எரித்தால் குற்றம், கும்மாளத்துக்கு எரித்தால் உரிமை. இதை எழுதின மகராசன் எந்தச் சந்தோஷத்தில் இருந்தானோ.

ஆனால் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. எந்த நெருப்பாக இருந்தாலும் அதன் புகை பிறருக்குத் தொந்தரவாக இருந்தால் அதிகாரி அணைக்கச் சொல்லலாம். இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தேன். பத்து வருஷமாக என் தைரியம் முழுக்க அந்த வரியில் இருந்தது.

2

எண்பதுகளின் நடுவில் நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். மகள் நித்யா நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மார்பில் காதை வைத்தால் உள்ளே கீச்கீச்சென்று சத்தம் கேட்கும். பார்த்த டாக்டர், தாம்பரம் பக்கம் குடிபோய்விடுங்கள், அந்தக் காற்று மார்புக்கு நல்லது என்றார். காசநோய்க்காரர்களுக்கு அந்தக் காற்றுதான் மருந்து என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆஸ்பத்திரி கட்டின இடமாயிற்றே. ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்றுதானே பெயர். நம்பினோம். இவர் பி.எஃப். லோன் போட்டார், நான் வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். அஸ்தினாபுரத்தைத் தாண்டி அப்போதுதான் மனை போட்டிருந்த ஒரு புது நகரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனோம்.

மண் ரோடு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பஸ்ஸுக்கு நடக்க வேண்டும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் காற்று நன்றாகத்தான் இருந்தது. முதல் வருஷம் நித்யாவுக்கு ஒரு தடவைகூட இழுக்கவில்லை. இவருடைய அம்மா, குழந்தையைத் திருஷ்டி சுற்றிப் போடு, யாரிடமும் இதைச் சொல்லாதே என்றார். நான் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த நகர் முழுக்க முன்பு தணிகாசலம் என்பவர் குடும்பத்து நெல்வயல். மனை பிரித்து எங்களுக்கெல்லாம் விற்றவர் அவர்தான். எங்கள் வீட்டை ஒட்டின மனையை மட்டும் விற்காமல் வைத்திருந்து, அதை ஓர் ஒயர்க்காரனுக்கு வாடகைக்கு விட்டார். அந்த ஆள் பல்லாவரம் பக்கமிருந்து பழைய ஒயரை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவான். மேலே ரெண்டு சைக்கிள் டயரைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவான். மேல் உறை எரிந்து உருகிப் போனால் உள்ளே இருக்கிற செம்புக் கம்பி மிஞ்சும். அதைச் சுருட்டிக் காயலான் கடையில் போடுவான். அவன் பிழைப்பு அது. பிழைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? என் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயா பிழைக்க வேண்டும்?

அந்தப் புகையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கறுப்பாகக் கனமாக எழுந்து, மேலே போகாமல் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குள் வரும். கொடியில் காய்கிற வேட்டியில் கரி படியும். சோற்றில் வாசனை அடிக்கும். நான் துண்டுகளை நனைத்து ஜன்னல் இடுக்கில், கதவின் அடியில் எல்லாம் சொருகுவேன். வீட்டுக்குள் இருட்டும் புழுக்கமுமாக நானும் மாமியாரும் குழந்தையும் உட்கார்ந்திருப்போம். நித்யா என் மடியில் மூச்சுக்கு மூச்சு தோளைத் தூக்கித் தூக்கிப் போடுவாள்.

ஒருநாள் பொறுக்காமல் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அமிர்தம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது அக்கா, அந்த ஆளை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன், அந்த வார்த்தைதான் சரி. அமிர்தம் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள்லாம் இங்க வர்றதுக்கு முன்ன அறுப்பு முடிஞ்சா வயல்ல நெல்லுத் தாள கொளுத்துவோம். ஊரே பொகையாத்தான் இருந்துச்சு அப்போ. யாரும் சாவல. காத்து உன் வூட்டாண்ட வீசினா அதுக்கு நான் இன்னா பண்றது? காத்தாண்ட போயி சொல்லு."

வந்தேன். அடுத்து ஓர் ஆபீஸுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதினால் இன்னொரு தலைவலி, விடுங்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், ஃபேன்கூடப் போட்டார். சாக்கடை என்றால் எழுதிக்கொள்வாராம், தெருவிளக்கு என்றால் எழுதிக்கொள்வாராம். "பொகைக்கு எந்தத் தலைப்புல எழுதறதும்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

3

ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். மழை விட்டு, காற்று அசையாமல் நின்றுபோயிருந்தது. ஒயர் எரிந்தது. நித்யாவுக்கு அன்றைக்கு இழுத்த மாதிரி அதற்கு முன்னும் இழுத்ததில்லை, பின்னும் இழுத்ததில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. இவர் ஆபீஸிலிருந்து வரவில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முனையில் ஆட்டோ பிடித்தேன். டாக்டர் குரோம்பேட்டையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது.

அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஓர் எலெக்ட்ரிக் ட்ரெயின் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று போனது, அப்போதும் திறக்கவில்லை. இப்போ எக்ஸ்பிரஸ் வரும்மா, அப்புறம்தான் தூக்குவாங்க என்றார் ஆட்டோக்காரர். மடியில் குழந்தை மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் இறங்கினேன். கேட்டுக்கு அடியில் குனிந்து, புடவை கம்பியில் மாட்டிக் கிழிய, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். கேட் கீப்பர் கத்தினது கேட்டது. யார் நின்றார்கள்?

ஊசி போட்ட பிறகு மூச்சு சீரானது. திரும்பி வீட்டுக்கு வந்தபோது அந்த மனையில் நெருப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஒயர்க்காரன் குச்சியால் கிளறிச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

இவருக்கு அப்போது வெளிநாட்டு வேலை ஒன்று வந்து, அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன், ஒன்று அந்த வேலைக்குச் சரி என்று சொல்லுங்கள், இல்லையென்றால் நானும் குழந்தையும் எங்கேயாவது போகிறோம் என்று. மாமியார் மைத்துனர் வீட்டுக்குப் போனார். நாங்கள் விமானம் ஏறினோம். புகைக்குப் பயந்து பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனவள் என்று இவர் சொந்தக்காரர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்குக் கேட்டில் நின்றவள் நான், அவர்கள் இல்லை.

4

இங்கே வந்த பிறகு நித்யாவுக்கு இழுப்பு குறைந்துகொண்டே வந்து, பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்தில் நின்றே போனது. இங்கத்திய டாக்டர், நிறையக் குழந்தைகளுக்கு வளர வளர இது தானாகவே போய்விடும் என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது. தானாகப் போகிற ஒன்றுக்காகவா நான் வீட்டை விட்டு, மனுஷர்களை விட்டு, இந்தப் பனியில் வந்து கிடக்கிறேன்? டாக்டரை மாற்றினேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக்கு அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் குடிவரும் வரை. அவள் பெயர் ஷெரில். நான் எப்போதும் நெருப்புக்காரி என்றுதான் சொல்வேன். வந்த முதல் மாதமே பின்தோட்டத்தில் குழி தோண்டி, இரும்பு வளையம் பதித்து, சுற்றி நாற்காலி போட்டுவிட்டார்கள். சனிக்கிழமையானால் விறகைப் போட்டு மூட்டுவார்கள். சமையலும் இல்லை, குளிர் காய்வதும் இல்லை. பெரியவர்கள் கையில் பீர். குழந்தைகள் கையில் நீளக் குச்சி, குச்சி முனையில் மார்ஷ்மல்லோ என்கிற வெள்ளை மிட்டாய். அதைத் தீயில் காட்டிக் கருக்கித் தின்பார்கள். இதற்கு ஒரு நெருப்பு. புகை வேலியைத் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். உலகத்தில் எந்த ஊரில் குடியிருந்தாலும் காற்று என் வீட்டுப் பக்கம்தான் வீசும் போலிருக்கிறது.

முதல் சனிக்கிழமையே தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் ஆங்கிலம் காகிதத்தில் நன்றாக நடக்கும், போனில் நொண்டும். நான் பேசப் பேச எதிர்முனையில் இருந்த பெண், எந்த வீடு எரிகிறது, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பதற ஆரம்பித்துவிட்டாள். வண்டி மணியடித்துக்கொண்டு வந்துவிடப்போகிறதே என்று பயந்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அந்த வேலை நித்யாவுடையது. அவளுக்கு அப்போது எட்டு வயசோ ஒன்பதோ. அவர்களை மாதிரியே பேசுவாள். புகை வந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் காட்டுவேன், அவள் போனை எடுத்துக்கொண்டு நீளமான ஒயர் இழுபட ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நீ பக்கத்தில் நின்றால் எனக்குப் பேச வராது என்பாள். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் யாராவது வீட்டுக்குள் போய் வருவார்கள். குழாயைத் திறப்பார்கள். நெருப்பு அணைந்துவிடும்.

வண்டிகூட வராது! எனக்குப் புல்லரித்துப்போகும். அலுவலகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு போன் போகிறது, மறுபேச்சில்லாமல் அணைக்கிறார்கள். இதல்லவா நாடு, இதல்லவா சட்டம் என்று இவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உனக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தணிகாசலம் வேணும்" என்பார். பேசாமல் இருங்கள் என்பேன்.

நித்யா ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்து போனை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போய்விடுவாள். வருஷம் போகப் போக அவள் பேச்சும் குறைந்தது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் ஒரு வார்த்தையில். நெருப்புக்காரி வெளியூர் போனால் அவள் பூனைக்குச் சாப்பாடு வைக்க இவள் போவாள். என்னடி எதிரி வீட்டில் உனக்கு என்ன வேலை என்றால், அவங்க என் எதிரி இல்லைம்மா என்பாள்.

5

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் காரியத்துக்கு ஊருக்கு வந்தபோது, பழைய தெருவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஒயர் எரிந்த மனையில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். ஒயர்க்காரன் குன்றத்தூர்ப் பக்கம் எங்கேயோ போய்விட்டானாம். அங்கே எந்த வீட்டுக் குழந்தைக்கு இழுக்கிறதோ, யார் கண்டது. வேறு ஏதோ ஒரு மூலையில் குப்பை எரிந்துகொண்டுதான் இருந்தது, அது இல்லாமல் நம் ஊரா?

அமிர்தம் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா மூச்சு இப்ப எப்டி கீது என்று விசாரித்தாள். எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. பாப்பா மூச்சைப் பற்றி நீ கேட்கிறாயா? விடவில்லை, பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் எவனாவது நெருப்பு வைத்தால் ஒரு போன் போதும், ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிடுவார்கள், அங்கே சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, இங்கே மாதிரி காத்தாண்ட போய்ச் சொல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

அமிர்தத்துக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. அவள் நினைவில் அந்த வார்த்தை இருந்ததா என்பதே சந்தேகம். "ஆபீசுக்கா போன் பண்ணுவே?" என்றாள். "பக்கத்து வூட்டுக்காரியாண்ட நேரா சொல்ல மாட்டியா?"

சொன்னேனேடி, உன்னிடம் நேராக வந்து சொன்னேனே, முறத்தைவிட்டுக் கண்ணை எடுத்தாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. காரியத்துக்கு வந்த இடம் என்று அடக்கிக்கொண்டேன். அவள் கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்தேன்.

6

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நித்யாவுக்குப் பதினாலு வயசு. பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். அந்தக் குழுவோடு வெளியூர் போயிருந்தாள், ஞாயிறுதான் வருவாள். பொழுது சாய்கிற நேரம் பக்கத்துத் தோட்டத்தில் விறகு பற்றியது. புகை வந்தது.

இவர் விட்டுவிடு என்றார். எதற்கு விட வேண்டும்? நானே போனை எடுத்தேன். பத்து வருஷத்தில் என் ஆங்கிலமும் கொஞ்சம் தேறியிருக்கிறது. வீடு எரியவில்லை, பக்கத்து வீட்டுக் கேளிக்கை நெருப்பின் புகை எனக்குத் தொந்தரவாக இருக்கிறது, உங்கள் விதியின் கடைசி வரியைப் பார்க்கவும் என்று எழுதிவைத்துப் படித்தேன். பேரையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கமாக நீங்கள் அவர்களுக்குப் போன் செய்துவிடுவீர்களே என்றேன். அந்த ஆள், அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லையே என்றான்.

வண்டி வந்தது. மணியில்லாமல், விளக்கு மட்டும் சுழல, ஒரு சின்ன வண்டி. இளவயசுக்காரன் ஒருவன் இறங்கி என்னிடம் வணக்கம் சொல்லிவிட்டு, இந்தத் தெருவுக்குப் புதுசா என்று கேட்டான். பத்து வருஷம் என்றேன். இந்தத் தெருவிலிருந்து எங்களுக்கு யாரும் கூப்பிட்டதாக நினைவில்லையே என்றான். எனக்குப் புரியவில்லை. நித்யா எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள்! இவனுக்கு என்ன தெரியும், நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வேலியைத் தாண்டிப் போய் டேப்பைப் பிடித்துக் குழியை அளந்தான். வீட்டுச் சுவரிலிருந்து அளந்தான். விறகைப் புரட்டிப் பார்த்தான், தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது, இது அனுமதிக்கப்பட்ட கேளிக்கை நெருப்பு என்றான். நான் ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்துக் கொண்டுபோயிருந்த காகிதத்தை நீட்டிக் கடைசி வரியைக் காட்டினேன். அவன் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஜன்னலோரம் வந்து நின்றான். மூக்கைத் தூக்கி ஒரு தடவை மோந்து பார்த்தான்.

"எனக்கு இது தொந்தரவாகத் தெரியவில்லை அம்மா" என்றான்.

ஆக, சட்டம் என்பது அவன் மூக்கு. பத்து வருஷமாக நான் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தது அந்தப் பையனுடைய மூக்கை. நல்ல பிள்ளை, தொப்பியைத் தொட்டுக்கொண்டு வண்டி ஏறிப் போய்விட்டான்.

ஷெரில் வேலியருகே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. அவள் பேசினது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நித்யா எங்கே, ஊரில் இல்லையா என்றாள். எப்போதும் நித்யாதானே எங்களுக்குப் போன் செய்வாள், நாங்களும் உடனே அணைத்துவிடுவோமே, ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறோமா, அதிகாரியைக் கூப்பிடுகிற அளவுக்கு நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பின்னால் அவள் புருஷன் இன்னும் ரெண்டு கட்டையை எடுத்து நெருப்பில் போட்டான். சட்டத்தைக் கூப்பிட்டது நான். சட்டம் எரியலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. எரித்தான்.

நான் வீட்டுக்குள் வந்து துண்டுகளை நனைத்து ஜன்னல் இடுக்கில் சொருகினேன். அஸ்தினாபுரத்தில் சொருகின அதே மாதிரி. இவர் எழுந்து வந்து இன்னொரு துண்டைப் பிழிந்து கொடுத்தார்.

7

ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்து வாத்தியப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டேன், இத்தனை வருஷம் ஸ்டோர் ரூமில் யாருக்கடி போன் செய்தாய் என்று. அவள் கொஞ்சமும் மழுப்பவில்லை. எனக்காக ரொம்ப நாள் கழித்துத் தமிழில் பேசினாள்.

"ஃபர்ஸ்ட் டைம் ஃபயர் ஆபீசுக்குத்தான்மா பண்ணேன். அது அலவ்டுதான், எதுவும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வெளிய வந்து பாத்தா நீ ஜன்னல்ல ஈரத் துண்டு வெச்சுட்டு நிக்கறே. அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் ஷெரிலுக்குப் பண்ணேன்."

என்னவென்று சொன்னாய் என்றேன்.

"எங்கம்மாவுக்குப் புகை வந்தா மூச்சு முட்டும், ப்ளீஸ் அணைச்சுடுங்கன்னு. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெட்கமும்தான், ஆனால் கோபமாகத்தான் வெளியே வந்தது. எனக்கா மூச்சு முட்டியது? உதடு நீலமாகி என் கையில் கிடந்தவள் யார்? கேட்டுக்கு அடியில் நுழைந்து யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்? மூச்சு முட்டினது உனக்குடி என்று கத்தினேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா" என்றாள். "உனக்குத்தான் முட்டும். நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டிருக்கேன்ல."

பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு. யாருக்காக ஊரை விட்டேனோ அவளுக்கு அது நினைவில்லை. எந்தச் சட்டத்தை நம்பினேனோ அது என் பக்கம் ஒருநாளும் இல்லை. நெருப்பு அணைந்ததெல்லாம் ஒரு சின்னப் பெண் கேட்டுக்கொண்டதால், அதை ஒரு நெருப்புக்காரி மதித்ததால். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு எரிந்தது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அமிர்தம் கேட்டது வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேட்கத் தகுதியில்லாதவள் கேட்டாலும் கேள்வி கேள்விதானே.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி விறகு பற்றியது. புகை வந்தது. நான் மாடிப்படியைப் பார்த்தேன். மேலே கிளாரினெட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நித்யா இறங்கி வரவில்லை. போன் சுவரில் தொங்கியது. அவர்கள் வீட்டு நம்பர் எனக்குத் தெரியாது. அவர்கள் குடிவந்து இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. புடவை மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, இவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு, புல்வெளியைத் தாண்டிப் போனேன்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் குச்சியை நீட்டினபடி என்னைப் பார்த்தார்கள். ஷெரில் எழுந்திருக்கவில்லை. அவள் ஏன் எழுந்திருக்க வேண்டும்? என் மகளுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். பழக்க தோஷம். நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்: எனக்கு மூச்சு முட்டுகிறது, தயவுசெய்து அணைத்துவிடுங்கள். எந்தப் பாஷையிலும் அதை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

விறகு ஒன்று வெடித்தது. பிறகு ஷெரில் தன் புருஷனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் பட்டதும் உஸ்ஸென்று வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. அவ்வளவு நேரம் வந்ததைவிடப் பெரிய புகை. காற்று என் பக்கம்தான் வீசியது, வேறு எந்தப் பக்கம் வீசும். மற்றவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு விலகினார்கள். நான் நகரவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் கிளாரினெட் நின்றிருந்தது. நித்யா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஷெரிலிடம் தேங்க்ஸ் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.